சத்துணவு சூடாகவும் சத்தாகவும் தட்டுக்கு வர என்ன செய்யலாம்? எச்சில் வாளியில் தொடங்கும் முழு வழிகாட்டி

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மதியம் 12.40-க்கு மணி அடிக்கும். பிள்ளைகள் தட்டைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து வராந்தாவில் வரிசையாக உட்காருவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராகச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அந்த நேரத்துக்குப் போய் நின்றேன். பரிமாறியதைப் பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் குழாயடிக்குப் பக்கத்தில் இருந்த எச்சில் வாளியை எட்டிப் பார்த்தேன் பாருங்கள், அதுதான் மனசை விட்டுப் போகவே இல்லை. கேரட் துண்டுகள், கீரைத் தண்டு, கடித்துப் போட்ட உருளைக்கிழங்கு, கட்டிதட்டிப்போன சோறு என்று முக்கால் வாளி. சாயங்காலம் யாரோ வந்து மாட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

சத்துணவு என்று பேச்சு எடுத்தாலே மெனு சரியில்லை, காய்கறிக் காசு போதவில்லை என்றுதான் ஆரம்பிப்போம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் மூன்று வருஷம் அந்தச் சமையல்கூடத்துக்குப் போய்வந்ததில் எனக்குப் புரிந்தது வேறு. சோறு அடுப்பிலிருந்து இறங்கித் தட்டில் விழுகிற வரைக்கும் ஒரு இழப்பு, தட்டிலிருந்து வாளிக்குப் போவது இன்னொரு இழப்பு. இந்த இரண்டையும் அடைத்தாலே, மெனு மாறாமல், அரசாணை எதற்கும் காத்திருக்காமல், பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகிற சத்து கூடிவிடுகிறது. அதனால்தான் இந்த வழிகாட்டியை வாளியில் தொடங்கிப் பின்னோக்கி எழுதுகிறேன். பெற்றோர், ஆசிரியர், சத்துணவு மையத்தை நடத்தும் அமைப்பாளர் யாராக இருந்தாலும் பயன்படும்.

நம் திட்டம் லேசுப்பட்டது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1920-ல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு போடத் தொடங்கியது. 1956-ல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1989-ல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்த முட்டை, 2010-ல் வாரத்தில் ஐந்து நாளும் என்று ஆனது. ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதமும் மசாலா முட்டையும் வந்தன. 2022-ல் ஸ்டாலின் மதுரையில் காலை உணவையும் தொடங்கினார். இத்தனை பேர் கைபட்டு நூறு வருஷம் தாண்டி வந்த சாப்பாடு கடைசி இருபதடி தூரத்தில் வீணாகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் சமையலக்காவோடு உட்காருங்கள்

நோட்டும் பேனாவுமாக ஆய்வு செய்கிற தோரணையில் உள்ளே நுழைந்தீர்கள் என்றால் அன்றைக்கே கதவு சாத்தப்படும், வெளியே தெரியாமல். நான் முதல்நாள் அந்தத் தப்பைத்தான் செய்தேன். "ஏன் பத்தரைக்கே சோறு இறக்கிட்டீங்க?" என்று கேட்டேன். சமையலக்கா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அண்டாவை மூடிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது முறை ஒன்றும் கேட்காமல் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "அடுப்பு ஒண்ணுதான் தம்பி எரியுது. இன்னொன்னு பர்னர் அடைச்சுக் கிடக்கு. சோத்த இறக்கினாத்தான் குழம்பு வைக்க முடியும், குழம்ப இறக்கினாத்தான் முட்டை போட முடியும். உதவியாளர் இடம் வேற காலியா கிடக்கு. பத்தரைக்கு இறக்காம நான் என்ன பண்றது?" பத்தரை மணிச் சோற்றுக்குக் காரணம் அடைத்துப்போன ஒரு பர்னர். அதைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக்குக்குக் கொடுத்த கூலி எங்கள் ஊர் டீக்கடையில் நாலு பேர் டிபன் சாப்பிடுகிற காசு.

ஆகவே முதல் வாரம் கேளுங்கள், கூடமாட வேலை செய்யுங்கள், அவ்வளவுதான். எத்தனை அடுப்பு எரிகிறது, எந்தப் பாத்திரத்துக்கு மூடி இல்லை, தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, காய்கறி யார் வாங்கி வருகிறார்கள், அமைப்பாளருக்கு எத்தனை மையம் கூடுதல் பொறுப்பு, இதெல்லாம் அந்த வாரத்தில் தானாகத் தெரிந்துவிடும். சமையல்கூடத்தைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பொதுவில் அவமானப்பட்ட சமையலர் மறுநாள் அதே கையால்தான் நம் பிள்ளைக்குச் சமைக்க வேண்டும், அந்தக் கைக்கு மரியாதை இருந்தால்தான் மற்ற எல்லாமே நடக்கும்.

வாளியை எடை போடுங்கள், இரண்டு வாரம் முழுக்க

கலவை சாத மெனு இரண்டு வாரச் சுற்றில் வருவதால் பத்துப் பள்ளி நாள் கணக்கெடுத்தால் எல்லாச் சாதமும் ஒருமுறையாவது வந்துவிடும். ஒரு கொக்கித் தராசு போதும். இரண்டு கணக்கைத் தனித்தனியாக எழுதுங்கள்.

அண்டாவில் மீந்தது ஒன்று. இது அதிகமாக இருந்தால் அளவு தப்பு. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் 150 கிராம் என்பது கணக்கு. இதைப் பதிவேட்டில் இருக்கிற எண்ணிக்கைக்குப் போடாமல் அன்றைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்குப் போட வேண்டும். காலை 9.30-க்குள் வகுப்புவாரியாக எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு துண்டுச்சீட்டு சமையல்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்குப் பிறகுதான் அரிசி அளக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்து இந்தச் சீட்டை எடுத்துப் போகிறார்கள்.

தட்டிலிருந்து கொட்டியது இரண்டாவது. இங்கே எடையோடு சேர்த்து என்ன கொட்டியிருக்கிறது என்றும் எழுதுங்கள். சோறு கட்டியா? காய் வேகவில்லையா? காரமா? எந்த வகுப்பு? எங்கள் நோட்டில் பத்து நாள் முடிந்ததும் மூன்று விஷயம் பளிச்சென்று தெரிந்தது. சாம்பார் சாதத்தன்று வாளி ஏறக்குறைய காலி. புளிசாதமும் எலுமிச்சை சாதமும் சீக்கிரம் கிளறி வைத்த நாட்களில் அடியில் கிடக்கும் சோறு இறுகிப்போய் அப்படியே கொட்டப்பட்டிருந்தது. கீரையும் கேரட்டும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புத் தட்டுகளிலிருந்துதான் அதிகம் வந்தன, ஏனென்றால் பால்பல் விழுந்த வாய்க்குப் பெரிய துண்டு கடிபடாது. பிள்ளைகளுக்குக் காய் பிடிக்காது என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். கடிக்க முடியாததுதான் விஷயம்.

கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

சமைத்த சாப்பாடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் கிருமிகள் பெருகத் தொடங்கும். அரிசியில் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும், கொதிக்க வைத்தாலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சோறு சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வாந்தி எடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். "மறுபடி ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வோமே, அது இங்கே உதவாது. அதேபோலக் காயிலும் கீரையிலும் இருக்கும் வைட்டமின் சி-யும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் சூட்டில் இருக்க இருக்கக் குறைந்துகொண்டே போகும். ருசியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் விதி இதுதான்: இறக்கிய நேரத்துக்கும் கடைசித் தட்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கு 12.40-லிருந்து பின்னோக்கி எண்ணினோம். 12.20-க்குக் கிளறி முடிக்க வேண்டும். அப்படியானால் தாளிப்பு 12.05. சோறு வெந்து இறங்குவது 12 மணிக்கு, உலை வைப்பது 11.15. காய் நறுக்குவது 10.45-க்கு மேல்தான். பருப்பையோ கொண்டைக்கடலையையோ முதலில் கவனிக்க வேண்டும். பருப்பை 9.40-க்கு ஊறப்போட்டால் 10.30-க்கு அடுப்பில் ஏற்றலாம், கேஸும் மிச்சம். கொண்டைக்கடலை முதல்நாள் சாயங்காலமே ஊற வேண்டும். முட்டை 11 மணிக்கு வேகட்டும். இதை ஒரு அட்டையில் எழுதி அடுப்புக்கு எதிரே மாட்டினோம், கூடவே ஒரு சுவர்க் கடிகாரமும். அதுவரைக்கும் அந்தச் சமையல்கூடத்தில் கடிகாரமே கிடையாது! மணியடிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் அக்கா சமைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு அடுப்பு எரியாத இடத்தில் இந்த அட்டவணை நிற்காது. அதனால் பர்னர், மூடி, பெரிய குக்கர் இவற்றைச் சரிசெய்துவிட்டு அப்புறம் நேரத்தைப் பற்றிப் பேசுங்கள்.

அப்புறம் சில சின்ன வேலைகள். அண்டாவை வெறும் சிமெண்டுத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வைத்தால் சூடு சீக்கிரம் இறங்காது. மூடியின் மேல் வெந்நீரில் அலசிப் பிழிந்த சுத்தமான துணியை நாலாக மடித்துப் போடுங்கள். நூறு பேருக்கு மேல் சாப்பிடும் பள்ளி என்றால் சோற்றை இரண்டு ஈடாக வடிப்பது நல்லது, முதல் ஈடு சின்ன வகுப்புகளுக்கு, இரண்டாவது பெரியவர்களுக்கு. குத்திப் பார்க்கிற டிஜிட்டல் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அண்டாவின் ஓரத்தில் குத்தாமல் நடுவில் குத்திப் பாருங்கள். மீந்த சோற்றை மறுநாளுக்கு வைப்பது என்ற பேச்சே கூடாது.

பரிமாறுவதற்கு முன் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர், அதில் ஒருவராவது ஆசிரியர், சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது மத்திய வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. நிறைய இடங்களில் கையெழுத்து மட்டும் விழுகிறது. ஒரு கைப்பிடியாவது உண்மையிலேயே சாப்பிடுங்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் பிள்ளைகளோடு உட்கார்ந்து முழுத்தட்டு சாப்பிடுகிறேன். தட்டு காலியாகும்போதுதான் அடிச்சோறு எப்படி இருக்கிறது என்று நாக்குக்குத் தெரியும்.

சாமான் அறை

அரிசி மூட்டையைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. வந்த தேதியைச் சாக்கட்டியால் மூட்டை மேலேயே எழுதுங்கள், முதலில் வந்தது முதலில் போகட்டும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து மூட்டைகளுக்கு இடையில் போடலாம். பூச்சிமருந்து மட்டும் அந்த அறைக்குள் நுழையவே கூடாது. 2013 ஜூலை 16-ல் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளிச் சாப்பாடு சாப்பிட்டு 23 குழந்தைகள் செத்துப்போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. எந்த டப்பாவில் எண்ணெய் இருக்கிறது, அந்த டப்பா முன்பு எதற்குப் பயன்பட்டது என்பதை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். எண்ணெயில் சந்தேகமான வாடை வந்தால் அன்றைக்குச் சமையலை நிறுத்தலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதே ஜூலை 16-ல்தான், 2004-ல், கும்பகோணத்தில் பள்ளிச் சமையல்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. சிலிண்டர் ரப்பர் குழாய் எப்போது மாற்றியது என்று கேட்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

"அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது" என்று பெற்றோர் ஒருவர் கையில் அரிசியோடு கூட்டத்துக்கு வந்தார். அது செறிவூட்டிய அரிசி. அரிசிமாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவத்தில் அழுத்தி எடுத்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சாதா அரிசியோடு கலக்கிறார்கள். நிறம் லேசாக வேறு மாதிரி இருக்கும், சிலது தண்ணீரில் மிதக்கும். மிதப்பதைப் பொறுக்கி எறிந்தால் எறிவது சத்தைத்தான். இந்த அரிசியைத் தேய்த்துத் தேய்த்து அஞ்சாறு தண்ணீரில் களைய வேண்டாம், கல், தூசி போக இரண்டு முறை அலசினால் போதும். தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய்கள் உள்ள பிள்ளை யாராவது இருந்தால் மட்டும் பெற்றோர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குக் கூடுதல் இரும்பு ஆகாது.

முட்டை பற்றி இரண்டு வார்த்தை. தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டால் புது முட்டை படுத்துக்கிடக்கும், கொஞ்சம் பழசு நிமிர்ந்து நிற்கும், கெட்டது மிதக்கும். கழுவி அடுக்கி வைக்காதீர்கள், ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போகும். வேகவைக்கும் முன் கழுவினால் போதும். கீறல் விட்ட முட்டை வேண்டாம். கொதி வந்தபின் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் இறக்கிப் பச்சைத் தண்ணீருக்கு மாற்றுங்கள். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்தால் ரொம்ப நேரம் வெந்தது என்று அர்த்தம், கெட்டது என்று அர்த்தம் இல்லை. உரித்த முட்டையை மசாலாவில் பிரட்டிச் சீக்கிரம் பரிமாறிவிடுங்கள்.

சத்துக் கணக்கு: எது இருக்கிறது, எது குறைகிறது

மத்திய அரசின் அளவுப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும், ஆறு முதல் எட்டு வகுப்புக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். ஒரு தட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி, 7 கிராம் புரதம். ஒரு முட்டை 70 கலோரி, 6 கிராம். 15 கிராம் பருப்பு 50 கலோரி, 3 கிராம். 5 கிராம் எண்ணெய் 45 கலோரி. ஆக மொத்தம் 500-க்கு மேல் கலோரி, 16 கிராம் புரதம். சின்னப் பிள்ளைகளுக்கு முட்டையும் சாம்பாரும் இருக்கிற நாளில் குறையே இல்லை.

பெரிய வகுப்புக்கு 150 கிராம் அரிசி என்று மாற்றிப் போட்டால் ஏறக்குறைய 690 கலோரி, 20 கிராம் புரதத்தில் வந்து விளிம்பில் நிற்கும். இப்போது முட்டையை எடுத்துவிட்டு வாழைப்பழத்தை வையுங்கள். புரதம் 14, 15-க்கு இறங்கிவிடுகிறது. புளிசாதத்தன்று பருப்பும் இருக்காது, அன்றைக்கு இன்னும் குறைவு. அதாவது முட்டை சாப்பிடாத எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைதான் இந்தத் திட்டத்திலேயே அதிகம் இழப்பவள், அதுவும் உடம்புக்கு அதிகம் தேவைப்படுகிற வயசில். வாழைப்பழம் நல்லதுதான், ஆனால் அதில் ஒரு கிராம் புரதம்தான் தேறும். 30 கிராம் கடலையை ஊறவைத்துச் சுண்டல் போட்டால் 6 கிராம் புரதம், முட்டைக்குச் சமம். 25 கிராம் வேர்க்கடலையும் அதே அளவு தரும். எங்கள் பள்ளியில் முட்டை சாப்பிடாதவர்கள் ஏழெட்டுப் பேர்தான், அவர்களுக்கு வேகவைத்த வேர்க்கடலை கொடுக்க மாதம் ஆகும் செலவை இரண்டு பெற்றோர் மாற்றி மாற்றி ஏற்றுக்கொண்டார்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று முன்கூட்டியே வீட்டில் கேட்டுவிடுங்கள்.

உண்மையான பள்ளம் காய்கறியில்தான். சின்னவர்களுக்கு 50 கிராம், பெரியவர்களுக்கு 75 கிராம் என்பது அளவு. 90 பிள்ளைகளுக்கு ஐந்தாறு கிலோ காய் ஆகிறது. காசு இறுக்கம்தான், ஆனால் வாங்குகிற முறையில் கொஞ்சம் மீட்கலாம். பூசணி, வாழைக்காய், கேரட், சேனை இவை தாங்கும், வாரத்துக்கு ஒருமுறை வாங்கலாம். கீரை, கத்தரி, வெண்டை, தக்காளி அன்றன்றைக்கு. உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் காலையில் அங்கே வருகிற ஏதாவது ஒரு விவசாயியிடம் நிரந்தரமாகச் சொல்லிவையுங்கள். பருவத்துக் காயைச் சாம்பாரில் போடுவதற்கு மெனு குறுக்கே நிற்பதில்லை, முள்ளங்கி மலிவாக இருந்தால் முள்ளங்கி, சுரைக்காய் மலிவாக இருந்தால் சுரைக்காய்.

நறுக்குவதிலிருந்து தாளிப்பு வரை

கழுவிவிட்டு நறுக்குங்கள், நறுக்கிவிட்டுக் கழுவாதீர்கள். நறுக்கிய காயைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் வைட்டமின் அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. கத்தரியும் வாழைக்காயும் கறுக்கும் என்றால் கடைசியாக நறுக்குங்கள். பருப்பு சீக்கிரம் வேக சோடா உப்பு போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது பி வைட்டமினைக் கெடுத்துவிடும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஊறினால் சோடாவே தேவையில்லை.

வடித்த கஞ்சியை என்ன செய்கிறீர்கள்? எங்கள் பள்ளியில் கீழே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அளந்து வைத்துக் கஞ்சி வடிக்காமல் பொங்கினால் சத்து சோற்றிலேயே தங்கும், கலவை சாதத்துக்கு உதிரியாக வேண்டும் என்று அக்கா சொன்னதால் சாம்பார் நாளில் மட்டும் கஞ்சியைச் சாம்பாரில் ஊற்றுகிறோம். குழம்பு கொழகொழப்பாக நிற்கிறது, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது.

கீரை கடைசிப் பத்து நிமிஷத்தில் சேரட்டும். எலுமிச்சையை அடுப்பை அணைத்தபின் பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும், வைட்டமின் சி-யும் போய்விடும். கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள இந்த வைட்டமின் சி கைகொடுக்கும். நெல்லிக்காய் சீசனில் ஆளுக்கு ஒரு துண்டு தட்டில் வைத்தால் போதும், பெரிய காரியம். உருளைக்கிழங்கு வறுத்த எண்ணெயை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

வாளி சொன்னபடி, சின்ன வகுப்புகளுக்காகக் கேரட்டைத் துருவிப் போட ஆரம்பித்தோம், கீரையைத் தண்டு நீக்கிப் பொடிப்பொடியாக அரிந்து பருப்போடு கடைந்தோம். காயை அரைத்து ஒளித்துக் கொடுத்துவிடலாமே என்று ஒரு ஆசிரியர் கேட்டார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பிள்ளைக்குக் காயைக் கண்ணால் பார்த்து, பேர் தெரிந்து சாப்பிடப் பழக்கம் வர வேண்டும். காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளைக்கும் பல் விழுந்த பிள்ளைக்கும் அரைத்துக் கொடுங்கள், மற்றவர்களுக்குச் சின்னதாக நறுக்கிக் கொடுங்கள்.

இன்னொன்று நாங்கள் எதிர்பார்க்காதது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆள் இல்லாததால் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை முருங்கைக்கீரை ஆய உட்கார வைத்தோம். ஒரு சின்னப் பெண், ஈர்க்கை இடது கையில் பிடித்து வலது கை விரல் இரண்டால் சர்ரென்று கீழ்நோக்கி உருவுவதை அவள் ஆத்தாவிடம் கற்றிருந்தாள், மற்றவர்களுக்கும் காட்டிக்கொடுத்தாள். அன்றைக்கு அந்த வகுப்பு முழுக்கக் கீரையைக் கடைசிவரை சாப்பிட்டது. "நான் ஆஞ்சது" என்று ஒவ்வொன்றும் தட்டைக் காட்டியது. இப்போது வாரத்தில் ஒருநாள் ஒரு வகுப்பு, கைகழுவிவிட்டு, அரை மணி நேரம். கத்தி, அரிவாள்மனை, அடுப்புப் பக்கம் பிள்ளைகள் போகக்கூடாது.

தோட்டம்

பெரிதாகக் கனவு காணாமல் ஐந்து செடியோடு தொடங்குங்கள்: முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, கொடிப்பசலை, ஒரு பாத்தி தண்டுக்கீரை அல்லது சிறுகீரை. கீரை விதைத்து நாலு வாரத்தில் பறிக்கலாம். நாங்கள் முதல் வருஷம் கத்தரியும் தக்காளியும் போட்டு, பூச்சி விழுந்து, பாதிக்கு மேல் போய்விட்டது. பிள்ளைகள் சாப்பிடும் தோட்டத்தில் மருந்து அடிக்கவும் மனசு வராது. முருங்கைப் போத்தை ஊன்றினால் போதும், ஆனால் வகுப்பறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஊன்றாதீர்கள், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடையும். கைகழுவும் தண்ணீரையும் அரிசி களைந்த கழுநீரையும் சின்ன வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். பாத்திக்கென்று தனிக் குழாய் தேவைப்படாது. சோப்புத் தண்ணீர் அதிகமாகப் போகிற வாய்க்காலை மட்டும் பப்பாளிப் பக்கமோ முருங்கைப் பக்கமோ விடுங்கள், கீரைக்கு வேண்டாம்.

வேலி போடாமல் விதை போடாதீர்கள். ஆடு ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடும். மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை ஏப்ரலிலேயே முடிவு செய்யுங்கள். எங்களுக்குப் பள்ளிக்குப் பின்னால் குடியிருக்கும் ஒரு பெரியவர் கிடைத்தார், விடுமுறையில் பறிக்கிற கீரை அவருக்கே.

பிறந்தநாள், அன்னதானம், வெளிச்சாப்பாடு

ஊரில் நல்ல மனசுக்காரர்கள் அதிகம், அவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் கேசரி, ஜிலேபி, கலர் கலரான மிட்டாய். வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல் ஒரு பட்டியல் கொடுங்கள்: கொய்யா, கடலை உருண்டை, எள்ளுருண்டை, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கம்பங்கூழ், மோர். எங்கள் பள்ளியில் தலைமை ஆசிரியர் அறை வாசலில் இந்தப் பட்டியலை ஒட்டிய பிறகு கேட்பவர்கள் அதிலிருந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். வெளியே சமைத்துக் கொண்டுவந்த சாப்பாடு என்றால், அன்றைக்கே சமைத்ததா, எத்தனை மணிக்கு இறக்கியது என்று கேட்டு, சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பரிமாற வேண்டும். கல்யாண வீட்டில் மிஞ்சியது என்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

காகிதத்தில் ஏற்றுங்கள்

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். அந்தக் கூட்டத்தில் "சாப்பாடு சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் அது காற்றோடு போய்விடும். "இரண்டாவது அடுப்பு எரியவில்லை, 20 லிட்டர் குண்டானுக்கு மூடி இல்லை, சமையல் உதவியாளர் இடம் இத்தனை மாதமாகக் காலி" என்று தேதியோடு தீர்மானம் எழுதி, வாளி நோட்டின் நகலையும் சேர்த்து, ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவுக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். எடை போட்ட கணக்கு கையில் இருந்ததால்தான் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். சின்னச் செலவுகளை முன்னாள் மாணவர்களிடம் கேட்கலாம். ஆளை நியமிப்பது அரசின் வேலை, அதை நன்கொடையில் ஓட்டப் பார்க்காதீர்கள், அப்புறம் அந்த இடம் காலியாகவே நின்றுவிடும்.

மூன்று மாதம் கழித்து

திரும்பவும் பத்து நாள் வாளியை எடை போடுங்கள். எது குறைந்தது, எது அப்படியே இருக்கிறது என்று சமையலக்காவிடமே முதலில் காட்டுங்கள். எங்கள் நோட்டின் இரண்டாவது சுற்றில் கேரட் காணாமல் போயிருந்தது, சோறு மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. ஏன் என்று பார்த்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே கரண்டி. அக்காதான் வழி சொன்னார்: "சின்னதுகளுக்கு முதல்ல முக்கால் கரண்டி போடுறேன் தம்பி, பத்தலைன்னா அதுங்களே தட்டைத் தூக்கிட்டு வரும்." இப்போது இரண்டாவது முறை கேட்டு வாங்கும் பிள்ளைகளுக்கென்று அண்டாவில் சோறும் காயும் தனியாக எடுத்து மூடி வைக்கிறார்.